டிஷ்யூ வைத்த நாவல்

நேற்று தேக்கா உணவங்காடியில் காலி மேசை ஒன்றைக் கண்டதும், கைப்பையிலிருந்த டிஷ்யூ பொட்டலத்தை அதன்மேல் போட்டுவிட்டுப் பிரியாணி வரிசையில் போய் நின்றேன். இப்படி இடம் பிடிப்பதை நாங்கள் ‘சோப்’ பண்றது என்போம். டிஷ்யூ இருந்தால் இந்த ஊரில் எவரும் தொடமாட்டார்கள். எவரும் என்றா சொன்னேன்? ஒருவர் தொட்டிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த திடலில் வருஷத்துக்கு ஒருமுறை கூடாரம் போட்டுத் தமிழ்ப் புத்தகச் சந்தை நடக்கும். உள்ளே நுழைந்தாலே மிதிபட்ட ஈரப்புல்லும் புதுப் புத்தகமும் கலந்து ஒரு வாசம் வரும். எனக்கு இன்றும் மழை பெய்தால் புத்தகம் வாங்கத் தோன்றும். அங்கேதான் நெடுநாளாகத் தேடிய இரண்டு பாக நாவல் கண்ணில் பட்டது. ஒரே ஒரு செட். பேசாமல் வாங்கியிருக்கலாம். எனக்கோ தாகம். நாவல்மேல் டிஷ்யூவை வைத்துவிட்டுக் கரும்புச்சாறு குடிக்கப் போனேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!

திரும்பி வந்தால் நாவலைக் காணோம். சென்னையிலிருந்து வந்த கடைக்காரர் என் டிஷ்யூவால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சோப் பண்ணிட்டுப் போனேனே அண்ணே!”

“சோப்பா? இங்க புக்கு மட்டும்தாம்மா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் சிரித்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் நூர்ஜஹான், உட்லண்ட்ஸ்காரர். என் நாவல் அவர் கையில் இருந்தது.

“பாவம் லா. முதல் பாகத்த நீங்க கொண்டு போங்க. அடுத்த வருஷம் இங்கயே மாத்திக்கலாம்.”

“அப்ப நீங்க?”

“ரெண்டாவதுலேருந்து படிப்பேன். முடிவு தெரிஞ்சாதான் எனக்கு நிம்மதி.”

இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டேன். அப்போது இருவரிடமும் கைப்பேசி கிடையாது. வீட்டு நம்பரைக் கேட்கவும் தோன்றவில்லை. ஆங் மோ கியோ வீட்டில் ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் கதாநாயகி கைக்குழந்தையோடு பினாங்குக் கப்பலில் ஏறுகிறாள். அவ்வளவுதான். கரையில் புருஷன் வந்து நிற்பானா, மாட்டானா? மிச்சம் ஐம்பத்தொரு வாரம் நானும் அந்தக் கப்பலில்தான் இருந்தேன். நூர்ஜஹான் வராமல் போய்விட்டால் என்ற பயம் வேறு.

மறு வருஷம் முதல் நாளே ஓடினேன். நல்ல மழை. கூடாரம் முழுக்கத் தேடியும் அவரைக் காணவில்லை. அதே கடைக்காரர் இருந்தார். அவருடைய மேசை ஓரத்தில் ஒரு டிஷ்யூ பொட்டலம், அதற்கடியில் இரண்டாம் பாகம்.

“நான் தொடலம்மா. சோப்பு போட்டுட்டுக் கரும்புச்சாறு குடிக்கப் போயிருக்காங்க,” என்றார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு இரண்டு பாக நாவல் வாங்கி, ஆளுக்கொரு பாகம்தான்.

திடலில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். கூடாரம் போட இடமில்லை. நேற்று பிரியாணியோடு திரும்பினால், டிஷ்யூ காத்த மேசையில் நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு நாவல், ரெண்டு பாகமும் போன்ல இருக்கு. அனுப்பவா?”

அனுப்பினார். இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன், ஒரு வருஷம் கப்பலில் காத்திருந்த அதே நான்.