பதினோராம் எண்: உள்ளான்

1991 டிசம்பர் 14, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். நாட்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்தேன். இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு மாமா வந்தார்.

இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்த டைரி அந்த ஆண்டு எனக்குக் கிடைத்திருந்தது. பதினோரு வயதில் தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. அன்றைய பக்கம் கடைசிக் கோடு வரை நிரம்பியிருக்கிறது. நடந்ததில் எதையும் நான் விட்டுவிடவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிள்ளைக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காட்டு உப்பங்கழியில் படகு ஓட்டினார். படகுத்துறையில் பன்னிரண்டு படகுகள். முறை வைத்துத்தான் ஓட்டம். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். மறுநாள் ஞாயிறு, பறவை பார்க்கிறவர்கள் நான்கு பேர் வெளியூரிலிருந்து வரப் போகிறார்கள், மாசி வரை தங்கிக் கணக்கெடுப்பார்கள், பறவைகளை ஆங்கிலப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்த ஒரே ஒரு படகுக்காரரைத் தங்களோடு வைத்துக்கொள்வார்கள், அவருக்கு அப்புறம் துறையிலேயே நிலையான வேலை என்று பேச்சு. மாமா ஐந்தாவது வரை தமிழில் படித்தவர். ஆங்கில எழுத்து தெரியாது. அதற்கு முந்தைய மாதம்தான் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"சட்டைப் பையில அடங்குற மாதிரி பறவைப் புத்தகம் ஒண்ணு வாங்கணும்க்கா. பாப்பாவ அனுப்பு. அதான் இங்கிலீசு படிக்குதே."

"பரீட்சை வருதேடா."

"ஒரு நாளுதான்க்கா. நாளைக்கு சாயந்திரம் கொண்டாந்து உட்டுர்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் நாற்பது பக்க நோட்டையும் மைப்பேனாவையும் பையில் போட்டிருந்தேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. புத்தகம் வாங்குவதற்கு முன் என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா? நோட்டைத் திறந்து ஒன்று முதல் எண் போட்டேன். கழியில் இருக்கும் பறவைகளை மாமா சொல்லச் சொல்ல எழுதுவது என் ஏற்பாடு. நாரை, நீர்க்காக்கா, ஆலா, கூழைக்கடா என்று பத்து வந்தது.

"பதினொண்ணு?"

"உள்ளான். உள்ளான்ல பாரு பாப்பா, வந்து..."

"ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க மாமா. உள்ளான் ஆச்சு. பன்னெண்டு?"

மாமா அடுத்த விரலை மடக்கி, "முக்குளிப்பான்" என்றார்.

இருபத்திரண்டில் பட்டியல் முடிந்தது. ஒன்பதரைக்குக் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த புத்தகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, என் ஜாமெட்ரி பெட்டி அளவு. மற்றது தடித்தது, இரண்டு கையால் பிடிக்க வேண்டும். மாமாவால் ஒன்றுதான் வாங்க முடியும்.

மாமா படத்தைப் பார்த்து விரல் வைப்பார். நான் நோட்டில் டிக் போடுவேன். சின்னதில் இருபத்திரண்டும் இருந்தன. பெரியதிலும் இருபத்திரண்டும் இருந்தன. பெரியதில் ஓரிடத்தில் மாமா பக்கம் புரட்டாமல் நின்றுவிட்டார். அடுத்தடுத்து மூன்று பக்கங்களில் சாம்பல் நிறக் குருவிகள், எல்லாம் ஒரே மாதிரி.

"இங்க பூரா உள்ளானா போட்டிருக்கான்."

"உள்ளானுக்கு டிக் போட்டாச்சு மாமா" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "கவர்மெண்டு ஆடிட் மாதிரி இல்ல இருக்கு."

துடுப்புப் பிடிக்கிற கைக்குத் தடிப் புத்தகம் ஆகாது. இரண்டிலும் எல்லாம் இருக்கும்போது சின்னதே போதும். இதைக் காரணத்தோடு எடுத்துச் சொன்னேன். மாமா தலையாட்டினார். கிள்ளை பஸ் நின்றுகொண்டிருந்தபோதே முதல் பக்கத்தில் மையால் எழுதினேன்: என் பெயர், ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, தேதி. புதுப் புத்தகத்துக்கு நான் எப்போதும் செய்வதுதான்.

பதினொன்றே காலுக்குப் படகில் இருந்தோம். மறுநாளைக்கு ஓர் ஒத்திகை. நீர் வற்றத் தொடங்கியிருந்தது. வளைவைத் தாண்டியதும் சேற்றுத் திட்டு ஒன்று வெளியே தெரிந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் சின்னப் பறவைகள்.

மாமா படகை நிறுத்தினார். "அந்தா, செவப்புக் காலு. அது இன்னா?"

பார்த்தேன். புத்தகத்தில் உள்ளான் ஒன்றுதான். அதன் கால் பச்சை.

"அது பக்கத்துல, மூக்கு நீட்டா மேல வளைஞ்சாப்ல?"

இல்லை.

"அந்தக் குட்டி? எலி மாதிரி ஓடுது பாரு."

இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். "எல்லாம் உள்ளான்னு தானே சொன்னீங்க?"

"உள்ளான்தான்" என்றார் மாமா. "அவுங்க இதுக்குத்தான் வர்றாங்களாம். எங்கயோ பனியில இருந்து வர்றதுங்களாம் இதெல்லாம். கொக்கு பாக்க எவன் வரப் போறான்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு மூங்கிலை ஊன்றித் தள்ளினார். தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்ததால் இரண்டு இடத்தில் படகு அடிதட்டியது. அவர் இறங்கி இடுப்புவரை சேற்றில் நின்று தள்ளினார். நான் புத்தகத்தை நனையாமல் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன். துறையில் இன்னொரு படகுக்காரர் எங்களைப் பார்த்து, "இன்னா மச்சான், பாடம் முடிஞ்சிதா?" என்றார். மாமா படகைக் கட்டிவிட்டு, புத்தகத்தை மாற்றிவிடலாம் என்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

சிதம்பரத்துக்குப் பன்னிரண்டரை பஸ். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கடைப் பலகையில் 'பகல் 1.30 முதல் 4 வரை கடை இல்லை' என்று எழுதியிருந்ததைக் காலையிலேயே நான் குறித்து வைத்திருந்தேன். நாலு மணி வரை காத்திருக்கலாம் என்றால், இருட்டுவதற்குள் படகில் போய் ஒருமுறையாவது பார்த்துப் பழக முடியாது. தேரடியில் இறங்கி இருவரும் ஓடினோம். மாமாவின் வேட்டியில் சேறு காய்ந்திருந்தது. ஒன்று இருபத்தைந்து. கடைக்காரர் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்.

மாமா புத்தகத்தை நீட்டி, "தப்பா வாங்கிட்டோம்ங்க. அந்தப் பெரிசு வேணும். ஆகுற மீதியக் குடுத்துர்றேன்" என்றார்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். "பேரு. வகுப்பு. பிரிவு. தேதி. ரேஷன் கார்டு நம்பரையும் எழுதியிருக்கலாமே." புத்தகத்தை மாமாவின் கையிலேயே திரும்ப வைத்தார். "இத நான் யாருக்கு விக்கிறது?"

மையை எச்சில் தொட்டு அழிக்கலாமா என்றுகூட யோசித்தேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. சேற்றுக் கால் படாதபடி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார்: "அந்த மூணு பக்கத்த மட்டும் பாப்பா பாத்து எழுதிக்கட்டுங்களா? நான் தொட மாட்டேன்."

"சாப்பாட்டு நேரம்யா இது."

"பத்து நிமிசம்."

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பெரிய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். "பேனாவ மூடி வை. பென்சில்தான்" என்று தன் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

நான் படங்களை வாசல் பக்கம் திருப்பிக் காட்டினேன். மாமா வெளியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இது வால ஆட்டிக்கினே இருக்கும். தனியாத்தான் நிக்கும், கூட்டத்துல சேராது."

"காமன் சாண்ட்பைப்பர்."

"இதான் செவப்புக் காலு. ஆளு வந்தா மொதல்ல கத்தி எல்லாத்துக்கும் காட்டிக் குடுத்துரும்."

"ரெட்ஷாங்க்."

"அத இன்னொரு தடவ சொல்லு."

"ரெட்ஷாங்க்."

"ரெட்ஷாங்க். இது அவ்ளோ தண்ணில நிக்கும், தொடை வரைக்கும். மூக்க முழுசா உள்ள உடும்."

"காட்விட்."

மூன்று பக்கங்களில் பதினாறு படங்கள் இருந்தன. மாமா பதினான்கைக் கழியில் பார்த்திருந்தார். ஒவ்வொன்றும் எப்படி ஓடும், எந்த மேட்டில் முதலில் இறங்கும், எது கத்தினால் எது பறக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். மீதி இரண்டையும் பார்த்து, "இது நம்ம பக்கம் வர்றதில்ல" என்று உறுதியாகச் சொன்னார். நான் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அவர் சொன்ன அடையாளத்தையும் எழுதினேன். கடைக்காரர் கதவின் மறுபாதியை இறக்கவில்லை. நடுவில் ஒருமுறை எழுந்து, வெளிச்சம் போதவில்லை என்று தலைக்குமேல் இருந்த குழல்விளக்கைப் போட்டார். அவர் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து நான் இன்னும் வேகமாக எழுதினேன்.

கிள்ளை பஸ்ஸில் மாமாவிடம் கேட்டேன்: "இத்தனை உள்ளான் இருக்குன்னு காலையிலயே ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேனே. நீ பன்னெண்டுன்னுட்ட."

"திரும்பச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"புத்தகத்துக்கு ஒண்ணு போதும் போலன்னு நெனச்சிக்கினேன்" என்றார் மாமா. "படிச்ச புள்ள கேக்குறப்ப, கேட்டதுக்குத்தானே பதில் சொல்லணும்?"

இந்தப் பதிலையும் டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன். கீழே, 'மாமா தவறு செய்துவிட்டார்' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். அதே பக்கத்தில், மேலே பத்தாவது வரியில் 'கடை 1.30 முதல் 4 வரை இல்லை' என்றும், கீழே இருபத்தாறாவது வரியில் '2.20க்குக் கடையிலிருந்து கிளம்பினோம். கடைக்காரர் கோபக்காரர்' என்றும் இருக்கிறது. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க எனக்கு எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. போன ஆண்டுதான் படகுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அது எங்கள் இருவருக்கும் தெரியாது. மாலை வெளிச்சம் மங்கும்வரை திட்டருகே பதினான்கு பெயர்களையும் மாறி மாறிச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடாமல் படுத்தோம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தபோது மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தச் சின்னப் புத்தகம். பல் துலக்கப் போன என்னை நிறுத்தி, முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"திருப்பித்தான் குடுக்க முடியாதே. உன் பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிடு."

எழுதினேன். அடுத்தது வகுப்பு. பேனா அங்கே நின்றது. மாமா அதைப் பார்த்தார்.

"அது வேணாம்" என்றார். "படகு நம்பர் போடு."

ஏழு என்று போட்டுத் தேதி எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, என் நோட்டிலிருந்து கிழித்த பென்சில் தாளை அதற்குள் மடித்து வைத்து, மாமா புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டார். அது சரியாக அடங்கியது.