கண்ணாடிக்குப் பின்னால் அசைந்த உதடுகள்

சுமதிபாயின் தொண்டையில் விரலை வைத்தால், மாவு மில்லின் சுவரைத் தொட்டது போல உள்ளே கிர்ரென்று அதிரும். பள்ளிக்கூடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அதிர்வுதான். ஐந்து வயதில் வந்த விஷக்காய்ச்சல் என் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அதற்குள் தமிழ் பேசப் பழகியிருந்தேன், ஆகவே வார்த்தைகள் வாயில் இருந்தன. ஆனால் என் குரல் எனக்கே கேட்காததால் அது ஒரு சமயம் கரகரத்தும் ஒரு சமயம் கீச்சிட்டும் வந்ததாம். பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சாரதா என்ற பெயரை விட்டுவிட்டு "செவிடி" என்று அழைப்பார்கள். அந்தச் சொல் உதட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வெளியே நான் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன்.

கோட்டைப் பக்கம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, யாரையெல்லாமோ விசாரித்து, தாதரில் இரண்டே அறைகளில் நடந்துகொண்டிருந்த காது கேளாதோர் பள்ளியில் என்னைச் சேர்த்தார். அங்கே எங்களுக்கு ஒரே ஆசிரியை சுமதிபாய். மராத்திக்காரர், மெலிந்த உடம்பு, விறைப்பான நடை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க வேண்டும், தொண்டையைத் தொட்டுப் பார்த்து ஒலியை எழுப்ப வேண்டும், கையால் மட்டும் பேசவே கூடாது என்பது அவருடைய சட்டம். கை உயர்ந்தால் "ஹாத் காலீ!" என்பார், கையைக் கீழே போடு என்று. நாங்கள் மிக விரைவாகப் படிக்கக் கற்றுக்கொண்ட உதட்டசைவு அதுதான். ஆனால் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய மறுகணம் வகுப்பு முழுவதும் கைகள் பறக்கும். அந்தக் கைப்பேச்சுக்கு ராணி என் தோழி செண்பகம். தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள், பிறவியிலேயே காது கேளாதவள், வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. ஆனால் அவள் கை கதை சொன்னால் டிராம் வண்டியே வகுப்புக்குள் ஓடும்.

யுத்த காலத்தில் ஒரு கோடையில் பம்பாயில் பெரியம்மை பரவியது. "அம்மா வந்திருக்கா" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, வாசல்களில் வேப்பிலை செருகினார்கள். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். சுமதிபாய் முதல் காரியமாக "டீக்காவாலா"வை அழைத்து வந்து எங்கள் எல்லோருக்கும் அம்மை குத்தவைத்தார். எங்கள் கைப்புண் ஆறியதும், அடைத்த அறை வேண்டாமென்று, மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு அருகே இருந்த மைதானத்தில் வகுப்பை வைத்தார். டாக்டர் சொன்னபடி முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். உதடு இல்லை, தொண்டையைத் தொடவும் அனுமதியில்லை. வெறும் துணி மட்டும் உப்பி உப்பித் தணிந்தது. சற்று நேரத்தில் அவருக்கே புரிந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

செண்பகம்தான் எழுந்தாள். இருபது முழத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து என்னைப் பார்த்துக் கைகளால், "டீச்சர் அழுகிறாரா?" என்று கேட்டாள். "இல்லை, யோசிக்கிறார்" என்று நானும் கையாலேயே பதில் சொன்னேன். சுமதிபாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை தூரத்தில் காது கேட்கிறவர்கள் கத்தத்தான் வேண்டும்; எங்களுக்குத் தூரமே ஒரு பொருட்டில்லை. அவர் மெதுவாகத் தன் கையை உயர்த்தி, செண்பகம் செய்த முதல் அசைவைத் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் முந்தானைக்குள் சிரிப்பு வந்ததைக் கண்களில் கண்டேன். மறுநாளிலிருந்து, ஆளுக்கு ஒரு மரத்தடியாக விலகி நின்று, நடுவில் அவர் நிற்க, கையாலேயே கணக்கும் பூகோளமும் நடந்தன.

அந்தச் சமயத்தில்தான் மணி அண்ணாவுக்கு அம்மை கண்டது. ஊசிக்குப் பயந்து, டீக்காவாலா எங்கள் கட்டிடத்துக்கு வந்த அன்று மொட்டை மாடியில் ஒளிந்துகொண்டவன் அவன். முனிசிபாலிட்டி வண்டி வந்து அவனைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. அம்மா தினமும் மாலையில் என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போவாள். கம்பி வேலிக்கு இப்பால் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அப்பால் ஒரு சிறு முற்றம், அதைத் தாண்டி வார்டு, மூடிய கண்ணாடி ஜன்னல்கள். "மணீ, சாப்ட்டயாடா?" என்று அம்மா கத்துவாள். எல்லோரும் அவரவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அந்த இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்கே கேட்காது என்று அம்மா பிறகு சொன்னாள். எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாயை அசைப்பார்கள்.

ஒருநாள் முகமெல்லாம் கொப்புளத்தோடு அண்ணா ஜன்னலுக்கு வந்தான். அவன் உதடு அசைந்தது. எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அம்மாட்ட சொல்லு."

அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அத்தனை பேர் நடுவில், என் கரகரத்த குரலில், "அண்ணா சொல்றான், கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையாம், அம்மா!" என்றேன். அம்மை கண்ணைக் குத்திவிடுமோ என்றுதான் அவள் அத்தனை நாளும் ராத்தூக்கமில்லாமல் கிடந்தாள். வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் இதைச் சுமதிபாயிடம் கையால் சொன்னேன். அன்று மாலையே எங்கள் வகுப்பு ஆஸ்பத்திரி வேலிக்கு இடம் மாறியது. மராத்தி உதடுகளுக்கு மராத்திப் பிள்ளைகள், குஜராத்திக்கு ஒரு குஜராத்திப் பையன் என்று அவரே பிரித்து நிறுத்தினார். தமிழுக்கு நானும் செண்பகமும். எல்லாமே புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாதி ஊகம்தான், தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும் என்பது சுமதிபாயின் கண்டிப்பு.

தாராவியிலிருந்து தோல் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர் தினம் வருவார். அவர் மனைவி கைக்குழந்தையோடு உள்ளே இருந்தாள். பல நாளாக அவளைக் காணோம். அன்று ஒரு நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், கையில் குழந்தை இல்லை. அவர் என்னிடம், "ஏ தாயி, புள்ள நல்லாருக்கான்னு கேட்டுச் சொல்லு தாயி" என்றார். நான் குழந்தையைத் தாலாட்டுவது போலக் கையை ஆட்டிக் கேள்வியாக ஜன்னலைப் பார்த்தேன். அவள் உதடு வேகமாக அசைந்தது. "குடிக்கு" என்று ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. எங்கள் வீட்டில் "குடிக்கறது" என்போம், ஆகவே மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். அவளோ வாயை மூடிவிட்டாள். செண்பகம் என் தோளில் தட்டினாள். அது அவள் அம்மாவின் உதட்டில் பார்த்த திருநெல்வேலித் தமிழ், அதில் "குடிக்கு" என்றாலே குடிக்கிறது என்றுதான் அர்த்தம்; அவளுக்கு அத்துபடி. அவள் கைகள் சொன்னதை நான் உரக்கச் சொன்னேன்:

"புள்ளை தூங்குதாம். நல்லாப் பால் குடிக்குதாம். உங்களை அழ வேண்டாங்கறா."

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு செண்பகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். ஆனால் அவள் தலை நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அண்ணா முகத்தில் தழும்புகளோடு வீடு திரும்பினான். பள்ளிக்கூடம் மறுபடி அந்த இரண்டு அறைகளுக்கே வந்தது. "ஹாத் காலீ" மட்டும் திரும்பி வரவில்லை. உதடும் கையும் இரண்டுமே எங்கள் பாடமாயின. நானும் வாய் மூடிக் கிடக்கவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடம் என் குரலிலேயே பேசினேன். பிடிக்காதவர்கள் வழிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். சுமதிபாய் இல்லை, செண்பகமும் போய்விட்டாள். பெரியம்மையே உலகத்தை விட்டுப் போய்விட்டது. என் புஜத்திலுள்ள வட்டத் தழும்பைக் காட்டி அது என்ன என்று அண்ணாவின் பேத்திகள் கேட்கிறார்கள். ரயிலில் காது கேளாத இளைஞர்கள் கைப்பேசித் திரையைப் பார்த்துத் தாராளமாகக் கையால் பேசிக்கொண்டு போகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. எனக்கு அதில் பொறாமை கிடையாது, பெருமைதான். ஊரிலுள்ள காது கேட்கிற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் கோடையில், தினம் தவறாமல் நடந்த பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான்.