இட்லியை ஒரே பக்கமாக மென்றவள்

டாக்குரியாவில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் மிதாலி இறந்துவிட்டார் என்று என் மகள் காவ்யாதான் வந்து சொன்னாள். கிளினிக்கிலிருந்து போன் வந்ததாம். "அம்மா, பிஷி போயிட்டாங்கம்மா." பெங்காலியில் பிஷி என்றால் அத்தை; டாக்டரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அடுப்பை அணைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பற்றவைத்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் பலர் அவரிடம் பல் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. என் பிள்ளைக்கு அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

காவ்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அவள் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. அவள் தம்பியின் ஸ்டெம் செல் பொருந்துகிறது, ஏற்றலாம் என்றார்கள். அதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுத்து இருக்கிற மஜ்ஜையையும் அழித்துவிடுவார்களாம். அப்போது உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காது. ஒரு பல்லில் ஒளிந்திருக்கிற கிருமிகூட உயிரை எடுத்துவிடும். அதனால் பல் டாக்டர் சரி என்றால்தான் அட்மிஷன்.

மிதாலி டாக்டர் முதல் நாள் காவ்யாவின் வாயைத் திறக்கவே சொல்லவில்லை. "இவளுக்குப் பிடிச்சதை வீட்டுல செஞ்சு கொண்டாங்க தீதி" என்றார். என்னை அக்கா என்று அப்படித்தான் கூப்பிடுவார். பெஹாலாவில் எங்கள் வீட்டிலிருந்து இட்லி எடுத்துப்போனேன். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏ பொண்ணு, இட்லிக்குப் பல்லே வேண்டாமே. அதையும் ஏன் இடது பக்கமாவே தள்றே?"

"பழக்கம், பிஷி."

"யாரு பழக்கினது, உங்கம்மாவா?"

காவ்யா அழுதுவிட்டாள். முன்பு ஒரு தரம் ஈறில் ரத்தம் வந்து நிற்காமல் தலையணை நனைந்திருந்தது. பல்லைப் பிடுங்கினால் அப்படித்தான் ஆகும் என்று பயந்து, வலியை என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே நன்றாக இருந்த பல்லின் வேரில் சீழ்.

"இதை வெச்சுக்கிட்டு உன்னை உள்ளே அனுப்ப மாட்டேன்."

"ரத்தம் நிக்கலைன்னா?"

"ரத்தம் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நிக்கிற வரைக்கும் என் விரலை எடுக்க மாட்டேன், போதுமா?"

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் உறைவதற்காகப் பிளேட்லெட் ஏற்றினார்கள். பிறகு பல்லை எடுத்தார். ரத்தம் வரத்தான் செய்தது. பஞ்சை வைத்து விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் மாற்றிக்கொள்ள வந்தாள், விடவில்லை. அவருக்கு வந்த டீ ஆறிப்போயிற்று. "இன்னைக்குத்தான் எதிர்த்துப் பேசாம நான் சொல்றதைக் கேக்குறே" என்று காவ்யாவைச் சீண்டினார். அவள் கண்ணால் சிரித்தாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

ரத்தம் நின்று அவர் கையை எடுத்தபோது விரலை நீட்ட முடியவில்லை. "தீதி, டப்பாவில இட்லி இருக்கா? கை மரத்துப்போச்சு, நீங்களே ஊட்டிவிடுங்க" என்றார். ஊட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிட்டார்.

புண் ஆறியதும் காவ்யாவை உள்ளே அனுப்பினார். தம்பியின் ஸ்டெம் செல் அவள் உடம்பில் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அவள் என்னைவிட உயரம்.

அவரால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் சாப்பிட்டாலும் தாடையைப் பார்ப்பேன். "விருந்தாளியை அப்படிப் பார்க்காதே" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். என்னால் விட முடிவதில்லை.

டாக்டரை வழியனுப்பிவிட்டு வந்த அன்று சாயங்காலம் காவ்யாவுக்குத் தட்டில் இட்லி வைத்தேன். வெகுநேரம் தொடாமல் இருந்தாள். பிறகு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். எதிரே உட்கார்ந்து அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு பக்கமும்தாம்மா" என்றாள்.