பட்டினி கிடந்த சதுப்புச் சிலந்திகள்

மகன் தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் என் தம்பி, மலைமேலுள்ள எங்கள் காவலூருக்குச் சிலந்திகளோடு வந்து சேர்ந்தான். சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஆறு கடலில் கலக்கும் கழிமுகச் சதுப்பில் பிடித்தவை அவை. ஆலைக் கழிவிலிருந்து ஈயமும் செம்பும் சேற்றில் இறங்கி, அங்குள்ள பூச்சிகளுக்குப் போய், அவற்றைத் தின்னும் சிலந்தியின் உடம்பில் சேர்ந்துவிடுகின்றனவாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலையே இல்லாத எங்கள் மலையின் சிலந்திகள் வேண்டுமாம். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாட்டிலில் அடைத்துப் பட்டினி போட்டான். வயிற்றில் பூச்சி மிச்சமிருந்தால் அதிலுள்ள ஈயமும் கணக்கில் ஏறிவிடுமாம்.

நானும் விலங்கியல் படித்தவள்தான். அதனாலேயே பயம் இரட்டிப்பு. மகன் கைக்கு எட்டாதபடி பாட்டில்களைப் பரணில் ஏற்றினேன். விழுந்துவிடுமோ என்று அலமாரிக்கு இறக்கினேன். காற்றில்லாமல் செத்துவிட்டால் தம்பியின் உழைப்பு வீணாகுமே என்று மேசைக்கு மாற்றினேன். அரசு ஊழியருக்குக்கூட இத்தனை இடமாற்றல் கிடையாது என்றார் கணவர்.

ஒரு காலை, அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் ஒரு பாட்டில் திறந்து கிடந்தது. சிலந்தியைக் காணோம். மேசைக்கடியில் மகன் எதையோ சப்பிக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். அவனோ வாயைத் திறக்க மறுத்தான். பால் ஊற்ற வந்திருந்த மலைக்காரப் பெண், மூடியைத் திறந்தது தான்தான் என்று சாவகாசமாகச் சொன்னாள். ஈ பிடித்துப் போடப் போனாளாம். சிலந்தி கைமேல் ஏறி ஓடிவிட்டதாம்.

“வூட்டுக்கு வந்ததுங்கள பட்டினி போட்டு பாக்கறீங்களே, இது இன்னா படிப்புமா?”

கேட்டபடியே மகனின் கன்னத்தை அழுத்தி, வாயிலிருந்து ஒரு புளி நாரை எடுத்தாள். நார் இருந்தால் சிலந்தி உள்ளே போகவில்லை என்று ஆகிவிடுமா? முன்னாலேயே விழுங்கியிருந்தால்? ஒரு சிலந்தியால் ஒன்றும் ஆகாது என்று தம்பி சமாதானம் சொன்னான். உனக்கொரு பிள்ளை பிறந்த பிறகு வந்து சொல் என்றேன்.

கடைசியில் ஜன்னல் திரையில் அதைக் கண்டுபிடித்தவளும் பால்காரப் பெண்தான். சிலந்தி ஓர் ஈயை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது.

“சதுப்புல புடிச்சதுதான்க்கா. முதுகுல வெள்ளை வரி பாரு,” என்றான் தம்பி. பட்டினியை முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று அவன் முகம் தொங்கியது. அவள் முகத்தில் மட்டும் விருந்து வைத்த திருப்தி.

“அதோட காலை எண்ணுடா,” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். எட்டும் இருந்தன. அப்படியும் மகனின் வாயை விரலால் ஒருமுறை துழாவிப் பார்த்தேன். நறுக்கென்று கடித்தான்.