சம்பந்தியோடு ருசி பார்க்கப் போனது

பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்துக்களானாலும் எங்களைப் போன்ற வேதக்காரர்களானாலும் இதுதான் வழக்கம். தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். என் மகள் விஷயத்தில் தேதி குறித்து, மண்டபம் பிடித்து, மாதா கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்த பிறகும் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சோரியாங்குப்பத்திலிருந்து வருவார். நாற்காலி நுனியில் உட்காருவார். நான் வைத்த காபியில் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவார்.

அவர்கள் இந்துக்கள், நாங்கள் வேதக்காரர்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துத் தாங்களாகவே முடிவு செய்துகொண்டவர்கள். என்னிடம் சொன்னார்கள், என் கணவரிடம் சொன்னார்கள், பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள். அவர் கணவர் போனபின் பெட்டிக்கடை வைத்து ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்தவர். கோபம் வராமல் என்ன செய்யும்? தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டார்.

"என் புள்ள கல்யாணம், நான் வருவேன். மேடையில நிப்பேன். ஆனா பொண்ணு வூட்டுச் சாப்பாட்ல கை நனைக்க மாட்டேன்."

கல்யாணம் காலையில் மாதா கோயிலில். மாலை வரவேற்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அதைத்தான் அவர் சொன்னார்.

எனக்கு முன்கோபம் அதிகம். அரசுத் தொடக்கப் பள்ளியில் இத்தனை வருடம் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் வேறு. 'சாப்பிடாவிட்டால் போகட்டும், யாருக்கு நட்டம்' என்று வீட்டில் கத்திக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவங்க நம்ம சாப்பாட்ட தொடலன்னா, நாளைக்கு நான் அந்த வூட்டு அடுப்பாண்ட இன்னா உரிமையில போயி நிப்பேன்மா?"

 அன்றிலிருந்து நகையும் புடவையும் எனக்குப் பின்னுக்குப் போய், சாப்பாடு முன்னுக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரமே கேட்டரிங் ஆள் தேட ஆரம்பித்தோம். முதலில் பாண்டியிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். எங்கள் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். வந்ததும் குடிக்க நீலக் கலரில் ஒரு பானம், தர்பூசணியில் செதுக்கிய மயில், மூலைக்கு மூலை சாட் கவுன்டர். "சாதம் உண்டா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். "வேணும்னா போட்டுக்கலாம் சார்" என்றார் அவர். அடுத்து வந்தவர், அதற்கடுத்து வந்தவர் எல்லோரும் அதே மயிலைத்தான் காட்டினார்கள். மூன்றாவது மயிலைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. போனை எடுத்துச் சோரியாங்குப்பத்துக்கு அடித்தேன்.

"சம்பந்தி, சமையலுக்கு ஆள் பாக்கறோம். நீங்களே வந்து ஒரு ஆளச் சொல்லுங்க. அப்புறம் அது நொட்டை இது சொத்தைன்னு பேசக் கூடாது."

அந்தப் பக்கம் கடையில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. 

"என்னிக்கி வரணும், டீச்சர்?" என்றார்.

நான் ஏதோ பெரிய தந்திரம் செய்ததாகப் பின்னால் என் தங்கை ஊரெல்லாம் சொன்னாள். தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் கோபம்தான்.

எங்கள் பக்கத்தில் கேட்டரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் ருசி காட்டுவதற்கென்று தனியாகச் சமைப்பதில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை பாகூர்ல ஒரு ரிசப்ஷன் செய்றோம், வந்து சாப்ட்டுப் பாருங்க. வூட்டுக்காரங்கக்கிட்ட சொல்லி வச்சிர்றேன்" என்பார்கள். சொல்லி வைக்கவும் மாட்டார்கள். அப்படித்தான் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வரவேற்புக்கு, என் ஸ்கூட்டியின் பின்னால் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பட்டுப்புடவை கட்டி, மடியில் ஒரு எவர்சில்வர் குடத்தைப் பரிசுத்தாள் சுற்றி வைத்திருந்தார்.

"இது எதுக்கு?"

"வெறுங்கையோட போயி ஒருத்தர் வூட்டுச் சோத்துல ஒக்கார மாட்டேன்."

"எங்க வூட்ல மட்டும்தான் ஒக்கார மாட்டீங்களோ?"

"இது யாரோ எவரோ வூட்டுச் சாப்பாடு. அது வேற, இது வேற" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை.

மண்டப வாசலில் சந்தனம் நீட்டிய பெரியவர், "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார். நான் அவசரமாகச் சந்தனத்தை எடுத்துத் தடவிக்கொண்டேன். சம்பந்தியோ, "ரெண்டு பக்கமும் வேண்டியவங்கதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடைக்கே ஏறிவிட்டார். பின்னால் ஓடினேன். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க, பெண் மாப்பிள்ளையைப் பார்க்க, சம்பந்தி இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிக் குடத்தைக் கொடுத்தார். போட்டோகிராபர் என்னை இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் நான் இன்றும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தி உடனே உட்காரவிடவில்லை. "மொத பந்தி எவன் செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும். கடைசிப் பந்தியில ஒக்காரணும்" என்றார். அதுவரை என்னைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் ஓரமாக நிறுத்தினார். "எலையில ஒக்காந்துக்கிட்டு யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. இங்கதான் சொல்வாங்க. காதக் குடுங்க, டீச்சர்."

கொடுத்தேன். வாய் கொப்பளித்தபடி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வூட்டுக்குப் போயி ரெண்டு வாய் மோர் சோறு சாப்புடணும்" என்றார். சம்பந்தி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எனக்கும் ஒரு வழி உண்டு. பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கண் எனக்கு. பந்தி எழுந்ததும், எடுக்க வருவதற்குள் இலைகளை ஓரமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பனீர் வைத்தது வைத்தபடி இருந்தது. பாதி இலைகளில் புலாவ் மலையாகக் கிடந்தது. "குழாய்ல கேக்கறத விட இது சரியான வழி" என்றேன். "எச்சில் எலைய எட்டிப் பாக்கறதுக்கா டீச்சர் வேலைக்குப் படிச்சீங்க?" என்றார் அவர். அங்கேயே சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்து இன்னொரு வரவேற்பில் ருசி பார்த்த இரண்டாவது ஆளின் சமையல் ருசியாகத்தான் இருந்தது. கடைசிப் பந்தியில் எங்களுக்கு வடை இல்லை, பாயசம் இல்லை, கேட்டதற்கு முறைப்பு வேறு. அது வேண்டாம் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை திரும்பி வரும்போது வந்தது. பிரியாணியால் வந்தது.

"எங்க சனத்துக்கு மட்டன் பிரியாணி போடலன்னா கல்யாணம் நடந்ததாவே ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"கல்யாண மாலை போட்டு நிக்கிற எடத்துல கவிச்சியா? எங்க சனம் எழுந்து போயிடும்."

"ஞாயித்துக்கிழமை ஆனா உங்க வூட்லயும் கொதிக்குது இல்ல?"

"வண்டிய நிறுத்துங்க."

பாகூர் ஏரிக்கரை. இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார், பட்டுப்புடவையோடு. நான் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே பக்கத்தில் போனேன். நிரம்பிக் கிடந்த ஏரியிலிருந்து காற்று அடித்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். மதகு வரைக்கும் போனோம். அங்கே நின்று, "தனி அடுப்பு. தனிக் கரண்டி. தனி ஆளு. பந்தியும் அந்தாண்ட, இந்தாண்ட" என்றார்.

"சரி."

"கோவம் தீந்து ஏறல. புதுச் செருப்பு கடிக்குது, அதான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மூன்றாவது ஆள் கரிக்கலாம்பாக்கத்துப் பக்கம் சமைத்துக்கொண்டிருந்தவர். மயில் படம் எதுவும் அவரிடம் இல்லை. கை கழுவும் இடத்தில் ஒரு தாத்தா ஏப்பம் விட்டுக்கொண்டு, "ரசம் எறங்கின எடம் தெரியுது" என்றார். நான் பார்த்த இலைகளில் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும்தான் இருந்தன. கடைசிப் பந்தியில் எங்களுக்கும் வடை வந்தது, அதுவும் சூடாக. சைவம், அசைவம் இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் வைத்திருப்பதாகவும் சொன்னார். சம்பந்தி உப்பிலிருந்து அப்பளம் வரை அவரைக் குடைந்தார். நான் நடுநடுவே புகுந்தேன். சம்பந்தி என்னை அடக்கினார். நான் அவரை அடக்கினேன். சமையல்காரர் கரண்டியோடு நின்று, "அக்கா தங்கச்சியாம்மா நீங்க? சண்டையப் பாத்தாலே தெரியுது" என்றார். இல்லை என்று நானும் சொல்லவில்லை, சம்பந்தியும் சொல்லவில்லை.

பேசி முடித்து, தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக் கொடுக்கும் நாள் வந்தது. வெற்றிலைத் தட்டைச் சம்பந்தி கையில் கொடுத்தேன். இத்தனை சுற்றியிருக்கிறோம், இனியென்ன என்று நினைத்தேன். அவர் தட்டை மெதுவாக என் கைக்கே திருப்பினார்.

"நீங்க குடுங்க, டீச்சர். உங்க வூட்டு விசேஷம்."

இன்னும் 'உங்க வூடு'தான். எனக்குச் சட்டென்று கண்ணில் நீர் கட்டிவிட்டது. சமையல்காரர் பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

வரவேற்பு அன்று மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. என் மகளும் மருமகனும் மேடையில் நின்றார்கள். சம்பந்தி கொஞ்ச நேரம் மேடையில் நின்றார். முதல் பந்தி போட்டதும் காணோம். தேடிப் போனால் கை கழுவும் இடத்தில், குழாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா! பந்திக்குப் பந்தி எனக்குச் செய்தி கொண்டுவந்தார். "உங்க ஆளுங்க பிரியாணிக்கு உருகறாங்க." "எங்க சித்தப்பா மூணு தரம் ரசம் வாங்கிக் குடிச்சாராம்." சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க சாப்புடுங்க சம்பந்தி" என்று இரண்டு முறை கேட்டேன். காதில் விழாததுபோல் போய்விட்டார். மேடையிலிருந்து மகள் சாப்பாட்டுக் கூடத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசு கொடுத்தவர்களுக்குக் கும்பிடு போடும்போதும் கண் அங்கேதான் இருந்தது.

கூட்டம் குறைந்து கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்ப் பக்கம் குரல் உயர்ந்தது. ஓடினேன். சம்பந்தியின் நாத்தனார் கையை உதறிக்கொண்டே யாரிடமோ சொல்லியிருக்கிறார்: "வேதக்காரங்க வூட்டுச் சாப்பாடு இவ்ளோதான். ரசமா அது, வெந்நித் தண்ணி."

சம்பந்தி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார்.

"இன்னா சொன்ன? வெந்நித் தண்ணியா? ஊரு ஊரா அலைஞ்சி, கண்டவன் கல்யாணத்துல ஒக்காந்து ருசி பாத்து, நான் புடிச்ச ஆளு அவுரு. இது எங்க வூட்டுச் சாப்பாடு. இதுல யாரும் நொட்டை சொல்லக் கூடாது!"

நாத்தனார் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க வூட்டுச் சாப்பாடுன்னா நீ ஏன் இன்னும் கை நனைக்கல?" என்று கேட்டார்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் மூடவில்லை. சம்பந்தி நாத்தனாரைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க சாப்டீங்களா?"

"இல்ல."

"காலையிலேருந்தா? வாங்க."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காரவைத்து, தானும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். சாதம் வந்தது. "ரசம்" என்றார். யாரோ பரிமாற வருகிறார்கள் என்று நிமிர்ந்தால், என் மகள். மேடையிலிருந்து மாலையோடு இறங்கி ஓடிவந்து, ரச வாளியைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.  ரசம் இலையைத் தாண்டி ஓடியது.

"பாத்து ஊத்து, கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தார்.

 அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம். அவர் நிதானமாக மோர் வரை சாப்பிட்டார். பாயசத்தை வழித்தார். என்னையறியாமல் என் கண் அவர் இலைக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டு இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

"எலைய எட்டிப் பாக்காதீங்க, சம்பந்தி. ஒண்ணும் மிச்சம் வைக்கல."