பெலத்தியா உட்கார்ந்த நாள்

பெலத்தியாவை ஒரே இடத்தில் பார்த்தவர்கள் கிடையாது. யூதாவிலிருந்து பிடித்து வரப்பட்டுப் பாபிலோன் வாய்க்காலோரம் குடியமர்த்தப்பட்ட ஜனங்களில் அப்படி ஒரு பரபரப்புக்காரன் அவன்.

அந்த வாரம் அவன் வயலின் தண்ணீர் முறை ஓய்வுநாளில் வந்து தொலைத்தது. மதகைத் திறப்பது வேலை. அன்று வேலை கூடாது என்பது அவர்கள் சாமியின் கட்டளை. அடுத்த முறைக்கு இன்னும் பத்து நாள். அதுவரை வாற்கோதுமை தாங்காது. அந்த ஓய்வுநாள் காலையிலிருந்து வாசலுக்கும் வரப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

“உக்காருய்யா, தரை தேஞ்சிடப் போகுது!” என்றாள் மனைவி யெகோயிஷ்மா.

பக்கத்து வயல் பாபிலோன்காரன் நாபு எத்திர் எட்டிப் பார்த்தான். “என்னப்பா, பயிரையும் படுத்துத் தூங்கச் சொல்லிட்டாரா உங்க சாமி?”

“உங்க சாமிக்குத்தான் தினமும் சோறு ஊட்டி, துணி மாத்தி விடணும். எங்க சாமி எங்களை ஒரு நாள் சும்மா இருக்க விடுறாரு.”

“நீ சும்மா இருக்கற லட்சணத்தைத்தான் பாக்கறேனே! சரி, நாளைக்கு என் முறை, மாத்திக்குவோம். இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.”

பெலத்தியா வாயைத் திறந்தான்.

“பேரம் பேசுறதும் வேலைதான்யா!” என்றாள் யெகோயிஷ்மா.

திறந்த வாய் மூடிக்கொண்டது. நாபு தோளைக் குலுக்கிவிட்டுத் தன் மதகைத் திறந்தான். நாளை முறையை விட்டுக்கொடுப்பானா, மாட்டானா என்று அவன் சொல்லவில்லை. தண்ணீர் பக்கத்து வயலில் பாயும் சத்தம் கேட்டது. பெலத்தியா வாசலில் பொத்தென்று உட்கார்ந்தான், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு.