அண்ணைக்கு வைத்த இறைச்சி

பேரன் பேக்கன் என்கிற புகைபோட்ட பன்றி இறைச்சியைப் பொரிக்கிறான். அந்தப் புகை மணம் என்னைக் குருநகரில் நான் வளர்ந்த வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மலாயாவில் வேலை பார்த்த அண்ணைக்கு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கென்று அம்மா ஆண்டுதோறும் பன்றி இறைச்சி அனுப்புவார். கொழுப்பைச் சீவி, உப்புத் தேய்த்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுத் தேங்காய் மட்டைப் பொச்சால் புகை போடுவார். அந்த ஆண்டு பொதி கட்டுவதற்குள் யப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை.

“பழுதாகப்போகுது, இறக்கிக் கறி வையும்,” என்றார் எங்கள் தகப்பன், அப்பு.

“புகை இருந்தால் பழுதாகாது. அது பிள்ளையின்ரை,” என்றார் அம்மா.

தவக்காலமும் கழிந்தது. இறைச்சி விறகாய் இறுகிய பிறகும் அம்மா புகையை நிறுத்தவில்லை. கடைசியில் அப்புவே பொச்சு பொறுக்கிவந்து அடுப்படியில் வைத்தார். அண்ணையிடமிருந்து பிறகும் கடிதம் வரவில்லை.

பேரன் தட்டை நீட்டுகிறான். “ஒரு துண்டு சாப்பிடுங்கோவன், அப்பப்பா.”

தட்டை அவன் பக்கமே தள்ளிவிடுகிறேன்.

“அது அண்ணையின்ரை,” என்கிறேன்.